தளம் போடுவதற்கு முன்னால் யாராவது சொல்லியிருக்கலாம்

2024 மே மாதம், கத்திரி வெயில். புது வீட்டில் பால் காய்ச்சிப் பதினாறு மாதம்தான் ஆகியிருந்தது. சோலார் போட அளவெடுக்க வந்த தம்பி காலையிலிருந்து மொட்டை மாடியில் சாக்பீஸும் டேப்புமாக நடந்துகொண்டிருந்தார். மோர் கலக்கி எடுத்துக்கொண்டு நான் மேலே போனபோது, "அக்கா, வருஷம் பூரா நிழல் விழாத இடம்னு பார்த்தா ரெண்டு பேனல் வைக்கத்தான் இருக்கு. நீங்க கேக்குற மூணு கிலோவாட்டுக்கு ஆறு பேனல் வேணும்" என்றார். மாடி 1,050 சதுர அடி. ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய நூறு சதுர அடி போதும் என்று படித்து வைத்திருந்தேன். அந்த முந்நூறு சதுர அடிகூடவா இல்லை என்று கேட்கும்போதே எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. முப்பத்தோரு லட்சம் போட்டுக் கட்டிய வீடு. அதில் பாதி என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் வெயிலில் நின்று சம்பாதித்தது.

திருவாரூர் மாவட்டத்தில் வெண்ணாற்றுப் பாசனத்தில் இருக்கும் ஒரு சிறு நகராட்சி எங்கள் ஊர். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டுக்காரர் வெளிநாட்டில், மாமனார் இல்லை, மாமியாருக்கு முட்டி வலி. வானம் தோண்டியது முதல் பெயின்ட் அடித்தது வரை எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான் நின்றேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. அந்த மே மாதத்திலிருந்து அடுத்த தை வரை எட்டு மாதம் பட்ட பாட்டை இங்கே எழுதுகிறேன். இப்போது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள், குறிப்பாக இன்னும் மேல்தளம் போடாதவர்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் வரைபடம் 2022-ல் நகராட்சிக்குப் போனது. பக்கத்தில் எத்தனை அடி இடம் விட்டிருக்கிறது, கழிவுநீர்த் தொட்டி எங்கே, மழைநீர் சேகரிப்புக் குழி எங்கே என்று பார்த்தார்கள். மழைநீர்க் குழி வரைபடத்தில் இல்லாமல் இங்கே ஒரு வீட்டுக்கு அனுமதி கிடைக்காது. 2003-ல் கட்டாயமாக்கியது, இருபது வருடத்தில் எல்லாருக்கும் பழகிவிட்டது. மின்சாரத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. பூச்சு வேலைக்கு முன்னால் எலக்ட்ரீஷியன் வந்து, "பாயிண்டு எங்கெங்க வேணும், சொல்லுங்கக்கா" என்று சுவரில் குறி போட்டார். எங்கள் வீட்டு மின்சாரத் திட்டம் என்பது அந்த அரை மணி நேரம்தான்.

முதல் பிரச்சினை நிழல். கன்னி மூலை உயரமாக இருக்க வேண்டும் என்பது அத்தையின் ஒரே நிபந்தனை. நானும் மறுக்கவில்லை, ஊரில் எல்லா வீடும் அப்படித்தான். தென்மேற்கு மூலையில் படிக்கட்டு அறை எட்டடி, அதன்மேல் மேடை, மேடைமேல் ஆயிரம் லிட்டர் டேங்க். மொத்தம் பதினாலு அடி. நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்தே முக்கால் பாகையில் இருக்கிறது. மார்கழி நடுப்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்து ஏறக்குறைய 56 பாகை உயரத்தில்தான் நிற்கும். பதினாலு அடிக்கு அந்த நேரத்தில் வடக்கே ஒன்பதரை அடி நிழல். மூன்று மணிக்கு மேல் வடகிழக்கே அது இரண்டு மடங்காக நீளும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதே கணக்கைக் கொடிக்கம்பம் வைத்து வருடா வருடம் போட்டுக் காட்டுகிறேன். என் வீட்டுக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. இதோடு தெற்குப் பக்கத்து வீட்டுத் தென்னை இரண்டு. பேனலில் ஒரு ஓரம் நிழல் பட்டால் அந்த ஓரம் மட்டும் குறையும் என்று நினைத்திருந்தேன். வரிசையாக இணைத்திருப்பதால், ஒன்றில் விழும் நிழல் மொத்த வரிசையின் உற்பத்தியையும் பிடித்து இழுக்கும் என்று அந்தத் தம்பி சொல்லித்தான் தெரியும்.

வீடு கட்டப்போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். மாடியில் தெற்குப் பக்கம் திறந்திருக்கும்படி ஒரு முந்நூறு சதுர அடியை வரைபடத்திலேயே கோடு போட்டு ஒதுக்கிவிடுங்கள். டேங்க், டிஷ், துணிக்கொடிக் கம்பம் எதுவும் அதற்குத் தெற்கிலோ மேற்கிலோ வரக் கூடாது. வாஸ்து பார்க்கிறவர்கள் வீட்டில் இருந்தால் சண்டை போட வேண்டாம், வாயு மூலையில் டேங்க் வைக்கலாமா என்று கேளுங்கள். எங்கள் அத்தை கடைசியில் அதற்குத்தான் ஒத்துக்கொண்டார். டேங்கை வடமேற்குக்கு மாற்றக் குழாய் வேலையோடு 11,000 ரூபாய். படிக்கட்டு அறையை மாற்ற முடியாதே, அதன் நிழலுக்கு மேலே பேனல் வரும்படி உயரமான இரும்புச் சட்டம் போட வேண்டியதாயிற்று. அதற்குச் சாதாரணச் சட்டத்தைவிட 24,000 கூடுதல்.

ஏன் அப்போதே விட்டுவிடவில்லை என்று கேட்பீர்கள். அந்த பிப்ரவரியில்தான் பிரதமரின் சூர்யகர் திட்டம் அறிவித்திருந்தார்கள். முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். எங்களுக்குப் பங்குனி, சித்திரை பில் 640 யூனிட் வந்திருந்தது. அப்போது நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் இலவசம்தான், ஆனால் ஐந்நூறைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறி, கீழே இருக்கிற யூனிட்டுக்கும் சேர்த்து ஏறிவிடும். 3,110 ரூபாய் கட்டினேன். மூன்று கிலோவாட் போட்டால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு யூனிட் பக்கம் வரும், இரண்டு மாதத்துக்கு எழுநூறு. கணக்கு சரியாகவே இருந்தது. பில்லைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா அடித்தபோது நாங்கள் பழைய ஓட்டு வீட்டில் இருந்தோம். பத்தொன்பது நாள் கரண்ட் இல்லை. பையனுக்கு அப்போது நாலு வயது. ராத்திரியெல்லாம் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இனி ஒருமுறை அப்படி உட்காரக் கூடாது என்று மனதில் வைத்திருந்தேன். அந்த நினைப்புக்கு என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

விண்ணப்பிக்கப் போனால் இரண்டாவது தடை. மின் இணைப்பு மாமனார் பெயரில். பழைய வீட்டை இடித்தபோது அந்த இணைப்பையே வைத்துக்கொண்டோம், புதிதாக எடுத்தால் செலவு என்று. மாமனார் இறந்து ஒன்பது வருடம். டெல்டாவில் பாதி வீட்டில் பட்டாவும் கரண்டும் தாத்தா பெயரில்தான் இருக்கும், பில் கட்டுகிற வரைக்கும் யாரும் கேட்க மாட்டார்கள். மானியம் வாங்கப் போனால் இணைப்பில் இருக்கிற பெயரும் வங்கிக் கணக்கில் இருக்கிற பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழ் தேடி எடுத்து, கோயம்புத்தூரில் இருக்கும் பெரிய நாத்தனாரிடம் சம்மதக் கடிதம் வாங்கி (அவர் ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டு கூரியரில் அனுப்பினார், அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு), சொத்து வரி ரசீதை மாற்றி, பெயர் மாறி வர ஜூன், ஜூலை இரண்டு மாதம். அடுத்து, இணைப்பில் அனுமதித்த பளு, அதாவது ஒரே நேரத்தில் அதிகபட்சம் இழுக்கலாம் என்று எழுதிக் கொடுத்த அளவு, இரண்டு கிலோவாட்தான். அனுமதித்த பளுவுக்கு மேல் சோலார் போட முடியாது என்றார்கள். பளுவை நாலு கிலோவாட்டாக உயர்த்த இன்னொரு விண்ணப்பம். பத்து கிலோவாட் வரைக்கும் தனியாகச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை என்று 2024 பிப்ரவரியிலேயே ஒன்றிய அரசு விதியைத் திருத்திவிட்டது. அது தெரியாமல், யாரோ ஆய்வுக்கு வருவார்கள் என்று மூன்று வாரம் சும்மா காத்திருந்தேன். போக்குவரத்து, நோட்டரி, கட்டணம் எல்லாம் சேர்த்து 5,500. இந்தக் காகித வேலை எதையும் வீடு கட்டி முடியும் வரை தள்ளிப்போடாதீர்கள். கட்டுமானத்துக்குத் தற்காலிக இணைப்பு எடுக்கும்போதே பெயர் சரியாக இருக்கட்டும், பளுவும் ஏசி, மோட்டார், சோலார் எல்லாவற்றையும் நினைத்துக் கேளுங்கள். ஒரு முனை இணைப்பில் நாலு கிலோவாட் வரை போகலாம், அதற்கு மேல் மும்முனை.

பளு உயர்த்த வயரிங் சோதனை அறிக்கை வேண்டும், உரிமம் வாங்கிய ஒப்பந்ததாரர் கையெழுத்துப் போட்டது. "பார்க்கவே வேணாம்க்கா, ஆயிரத்தைந்நூறு கொடுத்தா கையெழுத்துப் போட்டு வாங்கிடலாம்" என்றார் எங்கள் எலக்ட்ரீஷியன். வீடு கட்டியபோதும் அப்படித்தான் நடந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. இந்த முறை ஏனோ மனது ஒப்பவில்லை. அதற்கு முந்தின வாரம் வாஷிங் மெஷினைத் தொட்ட பையன் "அம்மா, கை சுர்ருன்னுது" என்று சொல்லியிருந்தான். வெறுங்காலில் நின்றிருந்தான். ஈரக் கை, ஒன்றும் இருக்காது என்று நானே சமாதானம் சொல்லியிருந்தேன். என்னோடு வேலை பார்க்கும் டீச்சரின் அண்ணன் பக்கத்து ஊரில் மின் ஒப்பந்ததாரர், ஐம்பது வயதுக்காரர். அவரை நேரில் வந்து பார்க்கச் சொன்னேன்.

அவர் வந்தது ஆகஸ்ட் முதல் வாரம். அந்த வருடம் மேட்டூர் வழக்கமான ஜூன் 12-ல் திறக்கவில்லை, ஜூலைக் கடைசியில்தான் திறந்தார்கள். தண்ணீர் இன்னும் எங்கள் பக்கம் வந்து சேரவில்லை, களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எர்த் குழியைக் காட்டச் சொன்னார். குழி என்று ஒன்றும் இல்லை, சுவரோரம் நாலடிக் குழாய் ஒன்றை அடித்து வைத்திருந்தார்கள். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "வீட்டுக்கு அஞ்சு ஓமுக்குக் கீழ இருந்தா நல்லது டீச்சர். இது முப்பத்தெட்டு காட்டுது" என்றார். பிறகு சுவிட்ச் போர்டுகளைக் கழற்றினார். பச்சை வயர் எர்த்துக்கு மட்டும்தான் வர வேண்டும். எங்கள் வீட்டில் படிக்கட்டு விளக்குக்கு பச்சையில் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது, வயர் தீர்ந்துபோனபோது கையில் இருந்ததை இழுத்திருக்கிறார்கள். குளியலறை ஹீட்டர் பிளக்கில் எர்த் முனை வெறுமனே தொங்கியது. மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. இல்லவே இல்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பதினெட்டு மாதமாகப் பையன் அந்தக் குளியலறையில் குளித்துக்கொண்டிருந்தான்.

ஆர்.சி.சி.பி. என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு மனிதர் உடம்பு வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ கொஞ்சம் கசிந்தாலும், 30 மில்லி ஆம்பியருக்குள் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். பளு அதிகமானால் விழும் சாதாரண எம்.சி.பி. சுவிட்ச் இதைச் செய்யாது, அது வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. தமிழ்நாட்டில் புது இணைப்புகளுக்கு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். ஆனால் எங்களைப் போலப் பழைய இணைப்பை வைத்துக்கொண்டு வீட்டை மட்டும் புதிதாகக் கட்டியவர்களிடம் யாரும் கேட்பதில்லை. வாங்கி மாட்டினோம். மாட்டிய நிமிஷமே விழுந்தது. மறுபடி தூக்கினால் மறுபடி விழுந்தது. எலக்ட்ரீஷியன், "இது இப்படித்தான் சும்மா சும்மா விழும்க்கா, எடுத்துடலாம்" என்றார். நானும் சலித்துப்போய்ச் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். ஒப்பந்ததாரர் பெரியவர்தான் விடவில்லை. "அது சும்மா விழல. தப்பு இருக்குன்னு சொல்லுது. தப்பைக் கண்டுபிடிப்போம்" என்று ஒவ்வொரு அறையாகப் பிரித்துப் பார்த்தார். சமையலறையில் ஒரு பிளக்கில் நியூட்ரலையும் (கரண்ட் திரும்பிப் போகிற வயர்) எர்த்தையும் சேர்த்து முறுக்கியிருந்தார்கள். இரண்டு அறைக்கு நியூட்ரல் ஒன்றோடொன்று கலந்திருந்தது. அதையெல்லாம் பிரித்து இழுக்க 8,000. எர்த் குழி முறையாக ஆழத் தோண்டிப் போட 9,000. சோலாருக்குத் தனியாக மூன்று எர்த் வேண்டும், பேனல் பக்கத்துக்கு ஒன்று, வீட்டுப் பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. காம்பவுண்டு உள்ளே சிமென்ட் தளம் போடும் முன்பே அதற்கு இடம் விட்டுவையுங்கள். நாங்கள் டைல்ஸ் பதித்த வாசலை உடைத்தோம்.

உங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்றால் தயவுசெய்து அதை எடுக்கச் சம்மதிக்காதீர்கள். அதில் இருக்கும் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறவர் வீட்டுக்குள் வந்து மீட்டர் வைத்துப் பார்க்கும் வரை பணம் கொடுக்காதீர்கள். பூச்சு வேலைக்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் குழாய் போகிற பாதை தெரியும்படி போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இது ஒன்றை நான் செய்திருந்தாலே பெரியவருக்கு இரண்டு நாள் வேலை மிச்சமாகியிருக்கும்.

செப்டம்பரில் இரும்புச் சட்டம் வந்தது. மாடியிலிருந்து மெயின் போர்டுக்கு வயர் இறக்க வழி இல்லை. சுவருக்கு வெளியே முகப்பில் குழாய் ஓட்டலாம் என்றார்கள், எனக்கு மனம் வரவில்லை. உள்ளே சுவரை வெட்டிக் குழாய் பதித்து மறுபடி பூசிப் பெயின்ட் அடிக்க 12,500. கட்டும்போதே மாடியிலிருந்து மெயின் போர்டு வரை ஒன்றேகால் அங்குலக் குழாய் இரண்டைப் பதித்து, உள்ளே இழுவைக் கம்பி விட்டு, மேல் முனையைத் தண்ணீர் இறங்காமல் வளைத்து மூடியிருந்தால் வேலை முடிந்தது. பொருளும் கூலியும் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் போயிருக்கும். மெயின் போர்டையும் நான்கைந்து இடம் காலியாக இருக்கிற பெரிய பெட்டியாக வாங்குங்கள், அதன் பக்கத்தில், பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டருக்கு வெயில் படாத, காற்றோட்டமான மூன்றடிச் சுவரை விடுங்கள்.

சட்டத்தின் கால்களை நிறுத்த மாடியில் துளை போட்டார்கள். எங்கள் மாடியில் காங்கிரீட்டுக்கு மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு, அதற்கு மேல் தட்டோடு பதித்திருந்தோம். மழைக்கு அதைவிட நல்லது இல்லை என்று மேஸ்திரி சொன்னது உண்மைதான், துளை போடாதவரைக்கும். ஆறு காலுக்கு இருபத்து நாலு துளை. சுற்றிலும் சிமென்ட் பூசி விட்டார்கள். ஐப்பசி பிறந்து பத்து நாள் கூட ஆகவில்லை, பையன் படிக்கும் அறையில் கூரை வியர்த்தது. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை நாலு நாள் விடாமல் கொட்டியபோது இரண்டு இடத்தில் சொட்டவே ஆரம்பித்துவிட்டது. புது வீட்டில் குண்டான் வைத்துத் தண்ணீர் பிடித்தேன். பழைய ஓட்டு வீட்டில் அத்தை பிடித்த அதே குண்டான். அத்தை ஒன்றும் சொல்லவில்லை, தூக்கி ஊற்ற மட்டும் எழுந்து வந்தார். அன்றைக்கு மஸ்கட்டிலிருந்து போன் வந்தபோது மழை நல்லா பெய்யுது, நெல்லுக்குத்தான் கஷ்டம் என்று மட்டும் பேசி வைத்துவிட்டேன்.

மழை விட்டதும் சட்டத்தின் கால்களைச் சுற்றியிருந்த தட்டோட்டைப் பெயர்த்து, ஜல்லியை எடுத்து, காங்கிரீட் வரைக்கும் போய், கீழ்த் தளத்தோடு சேர்த்துச் சிறு பீடம் கட்டி, நீர்க்காப்புப் பூசி, பிறகு தட்டோட்டை மறுபடி பதித்தோம். 17,000 ரூபாய். மேல்தளம் காங்கிரீட் போடும் நாளிலேயே, தூண்களுக்கும் உத்தரங்களுக்கும் மேலே வருகிற மாதிரி ஓரடிச் சதுரத்தில் பீடங்கள் எழுப்பி போல்ட்டைப் பதித்துவிட வேண்டும். தட்டோடு அதைச் சுற்றி வந்து முடியும், பின்னால் ஒரு துளை கூட வேண்டாம். பீடம் எங்கே வர வேண்டும் என்பதை மேஸ்திரியிடம் விடாதீர்கள், கட்டட இன்ஜினியர் சொல்லட்டும். இங்கே பாரத்தைவிடக் காற்றுதான் பெரிய விஷயம். பேனல் ஒன்று முப்பது கிலோவுக்குள்தான், ஆனால் புயல் அதைக் கீழிருந்து இறக்கை மாதிரி தூக்கும். கஜாவில் தகரக் கூரைகள் வயலில் போய் விழுந்ததை நாம் பார்த்திருக்கிறோம். சட்டம் துத்தநாகக் குளியல் கொடுத்த இரும்பாக இருக்கட்டும், கடல் காற்று படும் வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கம் என்றால் போல்ட் கூடத் துருப்பிடிக்காததாகக் கேளுங்கள்.

தை பிறந்தபோது பேனல் ஏறியது. நாம் லைனுக்கு அனுப்பும் கரண்ட், லைனிலிருந்து எடுக்கும் கரண்ட் இரண்டையும் எண்ணும் மீட்டரை மாட்டினார்கள். மொத்தம் 2,05,000. மானியம் முன்கூட்டி வராது, எல்லாம் முடிந்து ஓடத் தொடங்கிய பிறகுதான் நம் கணக்குக்கு வரும். அதுவரை நம் கையில் இருந்துதான் போக வேண்டும். நான் சங்கிலியை அடகு வைத்தேன். பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவிலேயே செய்தவை என்றால்தான் மானியம், விலை குறைவு என்று வேறு பேனல் காட்டினால் ஏமாறாதீர்கள். மார்ச்சில் 78,000 வந்து சேர்ந்தது. அன்று ராத்திரி நோட்டை எடுத்து, திருத்தத்துக்கு மட்டும் செலவழித்ததைக் கூட்டினேன். டேங்க், சட்டம், பெயர் மாற்றம், வயரிங், எர்த், சுவர், ஒழுகல் எல்லாம் சேர்த்து 87,000. மானியத்தைவிட ஒன்பதாயிரம் அதிகம். பள்ளிக்கூடத்தில் போட்ட அரைநாள் லீவு இருபத்திரண்டு. கட்டும்போதே செய்திருந்தால் டேங்க் மேடை தவிர்த்து மற்ற எல்லாம் பதினைந்தாயிரத்துக்குள் அடங்கியிருக்கும் என்று பெரியவர் கணக்குப் போட்டுக் காட்டினார்.

கஜாவைப் பற்றிய நினைப்பு என்ன ஆனது என்று சொல்கிறேன் என்றேனே. பேனல் ஓடத் தொடங்கிய இரண்டாவது வாரம், நல்ல வெயில், பகல் பதினொன்றரை. தெருவில் கரண்ட் போனது. எங்கள் வீட்டிலும் போனது. ஏதோ கோளாறு என்று போன் போட்டேன். "கோளாறு இல்லக்கா, லைன்ல கரண்ட் இல்லைன்னா இதுவும் நின்னுடும். இல்லாட்டிக் கம்பத்துல வேலை பார்க்குறவர் மேல நம்ம வீட்டுக் கரண்ட் பாயுமே" என்றார் அந்தத் தம்பி. நியாயம்தான். ஆனால் எட்டு மாதத்தில் ஒருவரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, ஏனென்றால் கேட்க வேண்டும் என்றே தெரியவில்லை. புயலிலும் விளக்கு எரிய வேண்டும் என்றால் பேட்டரியோடு சேர்ந்து வேலை செய்யும் கலப்பு இன்வெர்ட்டர் வேண்டும், விலை வேறு. இப்போது வாங்க முடியாவிட்டாலும், அறைக்கு ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, ஃபிரிட்ஜ் இவற்றை மட்டும் மெயின் போர்டில் தனி லைனாகப் பிரித்து வயர் இழுத்துவிடுங்கள். பின்னால் பேட்டரி வந்தால் அந்த ஒரு லைனை மாற்றினால் போதும். எனக்கு அந்த வாய்ப்பும் போய்விட்டது, எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கிறது.

இவ்வளவுக்கும் யாரைக் குறை சொல்வது என்று பல நாள் யோசித்தேன். மேஸ்திரி தன் வேலையைச் செய்தார், கூரை துளை போடும் வரை ஒழுகவில்லை. வரைபடம் பார்த்தவர் படிவத்தில் இருந்ததைக் கேட்டார். படிவத்தில் இல்லாததுதான் குறை. மழைநீர்க் குழிக்கு ஒரு வரி இருக்கிற மாதிரி, சோலாருக்கு ஒதுக்கிய இடம் எங்கே, குழாய் எங்கே, பீடம் எங்கே, ஆர்.சி.சி.பி. உண்டா என்று நாலு வரி இருந்திருந்தால் என் இன்ஜினியர் தானாகவே வரைந்திருப்பார். சோலாரைக் கட்டாயம் போடு என்று நான் கேட்கவில்லை, எல்லார் கையிலும் பணம் இருக்காது. சண்டிகரில் பெரிய மனைகளுக்கு 2016-லேயே கட்டாயமாக்கினார்கள், அமெரிக்காவில் கலிபோர்னியாவில் 2020 முதல் புது வீடுகளுக்குக் கட்டாயம், அதற்கு முன்பே அங்கே கூரையில் இடம் ஒதுக்கச் சொல்லும் விதி இருந்தது. நம் ஊருக்கு அந்த முதல் படி போதும். இப்போது இது இன்னும் அவசரம். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று கொடுத்து உடனே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். நல்ல திட்டம், அலைச்சல் இல்லை. ஆனால் முன்னால் ஒரு கண் பார்க்கும் இடமும் இல்லை, கட்டுகிறவரே தெரிந்துவைத்திருந்தால்தான் உண்டு.

எங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடந்தபோது இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். சாக்கடை, தெரு விளக்கு, நாய்த் தொல்லை எல்லாம் பேசி முடித்த பிறகு எழுந்து படித்தேன். கை நடுங்கியது, வகுப்பில் பேசுகிற மாதிரி வரவில்லை. கட்டட விதி மாநிலம் முழுவதற்கும் 2019-ல் போட்ட ஒருங்கிணைந்த விதி, நகராட்சி தானாகப் படிவத்தில் எதையும் சேர்க்க முடியாது என்றார்கள். தீர்மானமாகப் போட்டு நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கு அனுப்பலாமே என்றேன். பார்க்கலாம் என்று தாளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாற்றம் வரும் வரை, அனுமதி தரும்போது கையில் கொடுக்கும் காகிதத்தோடு ஒரு பக்க அறிவிப்பாவது சேர்த்துக் கொடுங்கள், அச்சடிக்கும் செலவை நான் தருகிறேன் என்றும் சொன்னேன். இதுவரை பதில் இல்லை. அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.

எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி ஒருவர் கட்டிக்கொண்டிருக்கிறார். வரும் புதன்கிழமை மேல்தளம் காங்கிரீட். நேற்று சாயங்காலம் போய்ச் சாரத்தில் ஏறிப் பார்த்தேன். கம்பி கட்டி முடித்திருக்கிறார்கள், குழாய் இறங்க வழி விடவில்லை. பீடத்துக்கும் குழாய்க்கும் இடம் காட்டினேன். மேஸ்திரி மரக்குச்சியைச் செருகி அடையாளம் வைத்துக்கொண்டார். டேங்கை வடமேற்கில் வைப்பது பற்றி மட்டும், அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் டீச்சர் என்றார் அந்த வீட்டைக் கட்டுகிறவர். அவர் அப்பாவை எனக்குத் தெரியும். நாளைக்குக் காலையில் அத்தையைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன்.